கோமாளி சொன்னால் அரசியும் கேட்பாள்

எடியே,

இன்று காலை, சுவிஸின் கூர் நகரில் நாம் ஒன்றாய் வேலைசெய்த ஹோட்டல் சமையலறையில் உருளைக்கிழங்கு மூட்டையை அவிழ்த்தேன். ஈரமண் வாசம் எழுந்ததும் நீ வந்துவிட்டாய். எதிரே உட்கார்ந்து கிழங்கு உரித்தபடி, அந்த ஆங்கில நாடகக்காரரின் கதையைத் தொடங்கியும்விட்டாய்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவருடைய ஒரு வரியையும் வாசித்ததில்லை. ஆனால் நீ சொல்லிச் சொல்லி, அவருடைய அரசர்களையும் காதலர்களையும் பக்கத்து வீட்டுக்காரரைப்போல அறிவேன். செத்துப் பல நூற்றாண்டான மனிதருக்கு எங்கள் சனத்தின் குணம் எப்படித் தெரிந்தது என்று அதிசயப்படுவேன்.

“அரசனுக்கு முன்னால எல்லாரும் பயத்தில பொய் சொல்லுவினம். கோமாளி மட்டும் சிரிக்கவைச்சு உண்மையைச் சொல்லுவான். அது நீதான்” என்பாய்.

“அப்ப எனக்கொரு தொப்பி வாங்கித் தா” என்பேன்.

உன் மகள் ஒரு சுவிஸ் பொடியனைக் கட்டப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து நீ அவளோடு கதைக்கவில்லை. கல்யாண அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது.

“வீட்டை வந்து முறையாச் சொல்லேல்லை. நான் போகமாட்டன்” என்றாய்.

பெற்ற தாய்க்கு யாரடி வீடு தேடி வந்து சொல்லுவது? இங்கே பிறந்த பிள்ளைக்கு அந்த முறையெல்லாம் எங்கே தெரியும்? கல்யாணத்துக்கு மூன்று நாள்தான் இருந்தது. சமையலறையில் ஒருவரும் உன்னிடம் வாய் திறக்கவில்லை.

நான் திறந்தேன். “எடி, நாடகத்தில மகளின்ர மனசுக்குக் குறுக்க நிக்கிற தகப்பன்மாரைப் பாத்து விழுந்து விழுந்து சிரிப்பாய். இப்ப நீயே அந்த வேஷம். மீசைதான் குறைச்சல்.”

உன் கத்தி நின்றது. “வாயைப் பொத்து” என்றாய். இனி என்னோடும் கதைக்கமாட்டாய் என்று நினைத்தேன். இரண்டு கிழங்கு உரிந்திருக்கும், உன் தோள் குலுங்கியது. அழுகிறாயாக்கும் என்று எட்டிப் பார்த்தால், சிரிக்கிறாய்.

“மீசையோ?”

“ஓம். முறுக்கின மீசை.”

ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் மகளுக்கு ஃபோன் எடுத்தாய். “என்ன நிறத்தில சாறி கட்டுறாய்?” என்று மட்டும் கேட்டாய். மறுமுனையில் அவள் அழுதது எனக்கும் கேட்டது.

கல்யாணப் பதிவில் நீதான் முன்வரிசை. அடுத்த ஆண்டே நோய் வந்தது. கடைசி மாதங்களில் அவள்தான் உனக்குத் தலை வாரினாள். மருமகன் தட்டுத் தடுமாறி, “மாமி, சாப்பிடுங்கோ” என்று கஞ்சி ஊட்டினான். அவனுடைய தமிழைக் கேட்டுச் சிரித்து உனக்குப் புரைக்கேறியது. அந்த மாதங்கள் உனக்குக் கிடைத்தனவே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

படிப்புத் தராத துணிவை நீயும் உன் நாடகக்காரரும் எனக்குத் தந்துவிட்டுப் போய்விட்டீர்கள். நேற்று, புதிதாக வந்த பெண் ஒருத்தி, தங்கச்சியோடு கோபித்து ஒரு வருடமாகக் கதைப்பதில்லை என்று மூக்கை உறிஞ்சினாள். எல்லோரும் அவள் பக்கமே நியாயம் சொன்னார்கள். நான் அவளருகே போய் உட்கார்ந்து, முதலில் அவளைச் சிரிக்கவைக்க ஒரு பகிடி விட்டேன்.