ஸ்டெல்லாவின் பிளாப்பி

12-8-1997, செவ்வாய்

இன்று ஸ்டெல்லாவை அழ வைத்துவிட்டேன். காஞ்சிரங்குளத்திலிருந்து பஸ் ஏறி வந்து, பாறசாலையில் எங்கள் டி.டி.பி. கடையில் தன் புராஜெக்டை ஒரு மாதமாக அடித்துக்கொண்டிருக்கிற பெண். இன்று வாங்கிய புது ஆன்டி-வைரஸில் பார்த்தபோது அவள் பிளாப்பியில் வைரஸ் இருந்தது.

"கண்ட எடத்துல எல்லாம் கொண்டு போட்டா இப்பிடித்தான்" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"இல்லக்கா, நான் இத இங்க மட்டும் ஆக்கும் போடுவேன்" என்றாள்.

நான் நம்பவில்லை. அவள் கெஞ்சக் கெஞ்ச அதை ஃபார்மட் செய்தேன். நாற்பது பக்கம் போயிற்று.

கடை பூட்டும் முன் எனது பழைய ஆன்டி-வைரஸ் பிளாப்பியையும் சோதித்தேன். அதிலும் அதே வைரஸ். எதுவும் அதில் ஏறாமலிருக்க மூலையிலுள்ள சின்ன கட்டையைத் தள்ளி வைக்க வேண்டும். நான் தள்ளியதே இல்லை. தினமும் காலையில் அதைப் போட்டுத்தான் கம்ப்யூட்டரைத் தொடங்குகிறேன். அங்கிருந்துதான் அவளுடையதற்குப் போயிருக்கிறது.

நாளை மறுநாள் அவள் புராஜெக்ட் கொடுக்க வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மன்னிச்சிரணும் அக்கா, இனி கவனமா இருக்கேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் படியிறங்கினாள்.