ஐம்பதுக்குக் கீழே

அக்கராயன்
26.01.1982

அன்புள்ள அத்தானுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் அனுப்பிய சேலை கிடைத்தது. நிறம் அண்ணிக்கு நன்றாகப் பிடித்துவிட்டது, அதனால் ஒளித்து வைத்திருக்கிறேன். நம் சுகந்தினிக்குப் பல் முளைத்துவிட்டதா? நீங்கள் எழுதுகிற கடிதத்தில் மழையும் நீங்கள் வேலை செய்கிற கூட்டுறவுச் சங்கக் கடையும்தான் நிறைந்திருக்கின்றன. பிள்ளையைப் பற்றி ஒரே ஒரு வரி. அதற்கு மேல் எழுதினால் முத்திரை கூட ஒட்டவேண்டுமோ?

நேற்றுக் கிளிநொச்சியில் கிளினிக். முத்துலிங்கம் அண்ணன்தான் கூட்டிப் போனார். யாழ்ப்பாணத்திலிருந்து வருகிற மனநோய் டொக்டர் இம்முறை மருந்துக் குளிசையோடு ஒரு தாளும் தந்தார். அதில் இருபது வசனம். ஒவ்வொன்றுக்கும் எதிரே நாலு கட்டம்: ஒருபோதும் இல்லை, சிலவேளை, அடிக்கடி, எப்போதும். "இது சோதினை இல்லை அம்மா. உங்கட மனம் இப்ப எப்பிடி எண்டு நீங்களே பாத்துப் புள்ளடி போடுங்கோ" என்றார். பிறகு அதைக் கூட்டி ஒரு எண் எடுக்கிறார்கள். எண் கூடினால் வருத்தமும் கூடவாம். எனக்கு அறுபத்தெட்டு.

பக்கத்தில் இருந்த மனுசி என் தாளில் இருந்த புள்ளடிகளை எட்டிப் பார்த்து, "இதென்ன பிள்ளை, திரும்பவும் எலெக்சனே?" என்று கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது அத்தான். நான் சிரித்ததைக் கண்டு அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் பயமில்லை என்று டொக்டர் சொன்னார். பிள்ளையை ஒருக்கால் கூட்டிக்கொண்டு வாங்கோ. என் கையில் தரவேண்டாம், பார்த்தால் போதும்.

உங்கள் கமலா


ஓமந்தை
07.02.1982

அன்புள்ள கமலாவுக்கு,

உமது கடிதம் கண்டேன். பிள்ளைக்குக் கீழே இரண்டு பல். கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கிறாள். சிவலட்சுமி அக்கா நம் வீட்டிலேயே நின்று நன்றாகப் பார்க்கிறா, அந்தக் கவலை உமக்கு வேண்டாம்.

கூட்டிக்கொண்டு வரக் கேட்டிருக்கிறீர். எனக்கு விருப்பமில்லாமல் இல்லை. ஆனால் பிள்ளையைக் கிணற்றுக் கட்டின் மேலே கிடத்திவிட்டு நீர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றது என் கண்ணை விட்டுப் போகவில்லை. நான் அன்றைக்கு அந்த நேரம் வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால்? அதனால்தான் உம்மை அண்ணன் வீட்டுக்கு அனுப்பினேன், வேறு எந்தக் கோபமும் இல்லை.

இப்போது அளப்பதற்கு ஒரு அளவு வந்திருப்பது நல்லது. ஐம்பதுக்குக் கீழே வரட்டும். வந்த அன்றைக்கே பிள்ளையோடு பஸ் ஏறுவேன். இது என் வாக்கு.

குளிசையை ஒழுங்காகப் போடும். எனக்கு உடம்பு கொஞ்சம் அலுப்பு, வேறொன்றும் இல்லை.

பரமேஸ்வரன்


அக்கராயன்
30.03.1982

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே வயலில் நெல் அருவி வெட்டு முடிந்தது. வெட்டுகிற ஆட்களுக்கு நானே சமைத்து வயலுக்குக் கொண்டுபோனேன். "இவளின்ரை மீன்குழம்புக்காக நாளைக்கும் வெட்டலாம்" என்று அண்ணன் பகிடி பண்ணினார். நித்திரை வருகிறது. தலை இழுத்துப் பூ வைக்கிறேன். போன கிழமை நம் பிள்ளைக்கு ஒரு வயது. பாயாசம் காய்ச்சி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அழுதேன்தான். ஆனால் அது நோயில் வந்த அழுகை இல்லை. பிள்ளையை விட்டிருக்கிற எந்தத் தாயும் அழுவாள்.

தாளில் மட்டும் ஐம்பத்தைந்து. போன மாதமும் அதேதான்.

ஏனென்று உங்களுக்குச் சொல்கிறேன், சிரிக்காதேங்கோ. அந்த இருபது வசனத்தில் பத்து கெட்டது, பத்து நல்லது. "மனம் பாரமாக இருக்கிறது" போன்ற பலவற்றுக்கு ஒருபோதும் இல்லை என்று வேகமாகப் போட்டுவிடுவேன். ஆனால் "நான் சந்தோஷமாக இருக்கிறேன்", "சாப்பாடு முன்புபோல ருசிக்கிறது", "நாளைக்கு நல்லது நடக்கும் என்று நம்புகிறேன்", இவைகளுக்கு எப்போதும் என்று எப்படிப் போடுவது? நாவூறு படாதா? பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்த அன்று வந்த சனத்துக்கு முன்னால், "என்னைப்போலச் சந்தோசமான ஆள் இந்த ஊரிலை இல்லை" என்று வாயை விட்டேனே, நினைவிருக்கிறதா? அந்தக் கிழமைதான் எல்லாம் தொடங்கியது. பேனை அந்தக் கட்டத்துக்கு நேரே போகும், கை திரும்பி வந்துவிடும். பத்து நல்ல வசனத்துக்கும் ஒருபோதும் இல்லை என்றே போட்டேன். அதற்கு ஒவ்வொன்றுக்கும் நாலு புள்ளி. நாற்பது அங்கேயே வந்துவிட்டது. கெட்ட பத்துக்கும் குறைந்தது ஒவ்வொரு புள்ளி, பிறகு எப்படி இறங்கும்?

டொக்டர் என்னையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களைப் பாத்தால் ஒரு மாதிரி, தாளைப் பாத்தால் வேறை மாதிரி இருக்கே அம்மா" என்றார். நான் குளிசையை வாங்கிக்கொண்டு எழும்பி வந்துவிட்டேன்.

எனக்குச் சுகம் அத்தான். உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். வாசித்த கையோடு இரண்டு செத்தல் மிளகாயைச் சுற்றி அடுப்பில் போட்டுவிடுங்கோ. பிள்ளையைக் கொண்டு வாங்கோ.

உங்கள் கமலா


ஓமந்தை
11.04.1982

அன்புள்ள கமலாவுக்கு,

நாவூறு என்பது நல்ல சாட்டு. சங்கத்தில் அரிசி குறைந்தால் தராசுதான் சொல்லும், நாங்கள் மூட்டையிடம் போய்க் கேட்பதில்லை. ஐம்பத்தைந்து என்றால் ஐம்பத்தைந்துதான். நீர் சுகம் என்று எழுதுவதை நம்பி நான் பிள்ளையைக் கொண்டுவந்து, பிறகு ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது?

வருஷப் பிறப்புக்கு நாங்கள் வரவில்லை. பிள்ளை நாலு எட்டு வைக்கிறாள். சிவலட்சுமி அக்காவை "அம்மா" என்கிறாள். நான் திருத்தவில்லை.

இங்கே சரியான வெயில். சோறு இறங்குவதில்லை, நித்திரையும் குறைவு. கடையில் சனத்தோடு கதைக்கவே அலுப்பாக இருக்கிறது. வெயில் தணியச் சரிவரும்.

பரமேஸ்வரன்


அக்கராயன்
27.04.1982

அத்தானுக்கு,

"அம்மா என்கிறாள், நான் திருத்தவில்லை" என்று எழுத உங்களுக்குக் கை வந்ததே! அந்த வரியை வாசித்து இரண்டு நாள் நான் அடுப்படிப் பக்கமே போகவில்லை. பிறகு கோபம் வந்தது. கோபம் வந்தது நல்லதுதான், போன வருஷம் எனக்கு அதுகூட வரவில்லை.

நேற்று டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கதிரையில் சாய்ந்து அப்படிச் சிரித்தார்! எனக்கு மட்டுமில்லையாம். கிளினிக் வாங்கில் வரிசையாக இருந்த ஒருத்திகூட சந்தோஷம் என்ற வசனத்துக்கு எப்போதும் என்று புள்ளடி போடவில்லையாம். "நானும் ஏனெண்டு மண்டையைப் போட்டு உடைச்சுக்கொண்டிருந்தன்" என்றார். இனி அந்தப் பத்தையும் வேறு விதமாகக் கேட்கப் போகிறார். அது மட்டுமில்லை. "ஐம்பது எண்டது எனக்கு ஒரு உதவிக்கு. அதை வைச்சுக்கொண்டு உங்கட மனுசன் பிள்ளைக்குத் தடை போடக்கூடாது. நீங்கள் பிள்ளையோடை இருக்கலாம்" என்றும் சொன்னார். அண்ணன் பக்கத்தில் நின்று கேட்டவர். நம்பாவிட்டால் அவருக்கு எழுதிக் கேளுங்கோ.

டொக்டரிடம் ஒரு வெறுந்தாள் கேட்டு வாங்கினேன். இத்துடன் இருக்கிறது. அலுப்பு, நித்திரை இல்லை, சோறு இறங்கவில்லை என்று உங்கள் கடிதங்களில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் இந்தத் தாளில் உண்டு, வெயில் என்று ஒரு வசனமும் இல்லை. நீங்களும் ஒருக்கால் புள்ளடி போட்டுப் பாருங்கோ.

கமலா


ஓமந்தை
02.05.1982

அன்புள்ள கமலாவுக்கு,

உமது கடிதத்தைக் கண்டு எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தாளை அலுமாரிக்குள் எறிந்துவிட்டேன். நேற்று மே தினம், கடை பூட்டு. அக்கா பிள்ளையோடு கோயிலுக்குப் போய்விட்டா. முப்பதோ என்னவோ வரும், அதை அனுப்பி உமது வாயை அடைக்கலாம் என்று தாளை எடுத்தேன்.

நித்திரை, களைப்பு, மனப் பாரம் எல்லாவற்றுக்கும் கை அடிக்கடி என்றே போட்டது. "அழவேண்டும்போல இருக்கிறது" என்றொரு வசனம். ஆம்பிளைகளுக்கு வேறு தாள் இல்லையோ என்று நினைத்தேன், பிறகு உண்மையைப் போட்டேன். நல்ல வசனங்கள் வந்தன. நாவூறுக்குப் பயந்து அல்ல கமலா, எனக்கு அங்கே போடுவதற்கு உண்மையாகவே ஒன்றும் இருக்கவில்லை. "நான் இல்லாவிட்டால் மற்றவர்களுக்கு நல்லது" என்ற வசனத்தில் பேனை நின்றுவிட்டது. ஒருபோதும் இல்லை என்று போட என்னால் முடியவில்லை.

மேலிருந்து கீழே கூட்டினேன். கீழிருந்து மேலே கூட்டினேன். அறுபத்திரண்டு.

உமக்கு நான் போட்ட சட்டப்படி பார்த்தால், என் கையிலும் பிள்ளை இருக்கக்கூடாது. கோயிலால் வந்ததும் அவள் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கப் பயந்து நின்றேன். நீர் கிணற்றடியில் நின்றபோது உமக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை.

அக்காவுக்கு இதைச் சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று நீர் சொல்லும்.

உமது பரமேஸ்


அக்கராயன்
04.05.1982

என்ரை அத்தானுக்கு,

உங்கள் கடிதம் இன்று பகல் வந்தது. குசினிக்குள் போய் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து நன்றாக அழுதேன். அண்ணி ஓடிவந்து, "ஐயோ, திரும்பவும் வந்திட்டுதோ?" என்றா. "இல்லை அண்ணி, இது அவருக்காக" என்றேன்.

பேனை நின்ற வசனத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். எனக்கு அது ஒரு காலத்தில் எப்போதும் என்ற கட்டம். வேறு யாருக்கும் அப்படி வருவதில்லை, எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அது போய்விட்டது. உங்களுக்கும் போகும், நான் போக வைப்பேன். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் சிவலட்சுமி அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு நேரமும் தனிய இருக்காதேங்கோ.

பிள்ளையைத் தூக்குங்கோ. ஒருவரும் அவளை உங்களிடமிருந்து பறிக்கமாட்டார்கள். கிணற்றடியில் நின்ற அன்று என்னிடமிருந்து பிள்ளையை வாங்கியது சரிதான். ஆனால் எனக்குப் பக்கத்தில் ஒரு ஆளும் வேண்டியிருந்தது அத்தான். உங்களுக்கு இப்போது வேண்டியதும் அதுதான்.

நீங்கள் பஸ் ஏறவேண்டாம். வெள்ளிக்கிழமை நானே வாறன். அண்ணன் கிளிநொச்சியில் வவுனியா பஸ்ஸில் ஏற்றிவிடுவார். பிள்ளையோடு ஓமந்தைச் சந்திக்கு வந்து நில்லுங்கோ. என்னைக் கண்டு அவள் வீரிட்டு அழுதால் அழட்டும். நானும் சேர்ந்து அழுகிறேன், பழகிவிடுவாள்.

மாதக் கடைசித் திங்கள் கிளினிக். மூன்று பேருமாகப் போவோம். ஒன்றையும் மறைக்காமல் நீங்கள் தாளை நிரப்புங்கோ. பிள்ளை என்னுடைய மடியில் இருப்பாள்.

உங்கள் கமலா