வேர் அழுகிய பன்னிரண்டு தொட்டிகள்

அக்கா,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

லீவுக்கு வந்த பத்து நாளும் என் காகிதப்பூச் செடிகளுக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாய். மண் காய்ந்தால்தான் அது பூக்கும் என்று மெதுவாகச் சொன்னேன். “பள்ளிக்கூடத்தை விட்டவ எனக்குப் பாடம் எடுக்கிறியா?” என்று சிரித்தாய்.

பன்னிரண்டு தொட்டியிலும் வேர் அழுகிவிட்டது. அவை பூத்தால் வேலை தருவதாகச் சொன்ன நர்சரிக்காரர் நேற்று வந்து பார்த்தார்.

“யாரும்மா இவ்வளவு தண்ணி ஊத்தினது?”

உன்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் “நான்தாங்க” என்றேன்.

“அப்ப உனக்கு இந்த வேலை சரிப்படாதும்மா” என்று போய்விட்டார்.

ஆத்திரம் அடங்கவில்லை. நாளைக் காலையில் நர்சரிக்குப் போகிறேன். ஊற்றியது நீதான் என்று சொல்வேன். நீ கல்லூரியில் படிப்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

உன் தங்கை