ஆகாய விமானத்துக்கு நான் கொடுத்த பரீட்சை

அன்பு அக்கா நல்லம்மாளுக்கு, ஈப்போ சீமையை ஆளும் கார் டிரைவர், உன் தம்பி சன்னாசி, கும்பிட்டு எழுதுவது. அத்தானும் பிள்ளைகளும் சுகந்தானே? நான் சொல்லப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனாலும் பிள்ளைகளுக்கு உரக்க வாசி.

எங்கள் தோட்டத்துத் துரைக்கு விமானம் ஓட்ட லைசென்சு வேண்டுமாம். அதற்கு உடம்புப் பரீட்சை உண்டு. ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப்போனேன். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நின்ற துரை, பொத்தென்று விழுந்தார். சிரித்துவிட்டேன்.

துரை டாக்டரோடு உள்ளே போனதும், "என்னா சிரிப்பு? நீ நின்னு காட்டு லா!" என்றார் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரஸர் கார்த்திகேசு.

"நின்னா லைசென்சு எனக்கா அண்ணே?"

நின்றேன். தலையில் மைனா கூடு கட்டிக் குஞ்சும் பொரித்தது. வலது கண்ணைப் பொத்தி, சுவரிலிருந்த எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். "எழுத்தா? சுவரே தெரியலையே!" என்று வேடிக்கை காட்டினேன். உடனே விமானத்தையே கொடுத்துவிட்டார்கள். சித்தியவான்வரை பறந்தேன், ரப்பர் மரங்கள் குனிந்து வழிவிட்டன. நம் ஊர்ப்பக்கம் திருப்பியபோது பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஊருக்கு வந்துவிடலாமா என்றிருக்கிறது. கப்பலேறி வருபவர்கள் யாரிடமாவது பொன்னாங்கண்ணித் தைலம் கொடுத்தனுப்பு. உன் பதிலைப் பெரிய எழுத்தில் எழுது.

துரை கூப்பிடுகிறார், காரை எடுக்க வேண்டும். அவரிடம் சொல்லமாட்டேன் என்று டிரஸர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இதைப் பிள்ளைகளுக்கு வாசிக்காதே: மைனாவும் விமானமும் புளுகு. சுவர் தெரியாதது மட்டும் நிஜம், அக்கா.