குடத்தில் வந்த உன் பெயர்

பிரியமுள்ள என் மச்சான் ஏகாம்பரத்துக்கு,

உத்திரமேரூரின் வரலாற்றில் முக்கியமான முடிவு ஒன்று நேற்று மாலை எடுக்கப்பட்டது. மூன்று அமர்வுகள், இரண்டு வெளிநடப்புகள், ஒரு சமரசக் குழு இவற்றுக்குப் பிறகு, நம் ஊர் அணியின் ஆண் உறுப்பினர்கள் அரைக்கால் சட்டை அணிவது என்று தீர்மானமாயிற்று. முழங்காலுக்கு மேலா, கீழா என்பது அவரவர் மனசாட்சிக்கு விடப்பட்டிருக்கிறது. முன்மொழிந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் வேதாசலம். வழிமொழிந்தவர் அரிசி மில் கோதண்டம். எதிர்த்து வாக்களித்தவன் நான். என் முழங்காலை நீ பார்த்திருக்கிறாய். காரணம் சொல்லத் தேவையில்லை.

என்ன அணி என்று கேட்பாய். உனக்கு எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான்.

சென்னையிலிருந்து ஒரு நிறுவனம் நம் பக்கத்தில் சாகசப் பந்தயம் ஒன்று நடத்தப்போகிறது. அணிக்கு நான்கு பேர். காலையில் சைக்கிளில் புறப்பட்டு, வயல் வரப்புகளில் ஓடி, நம் ஏரியை ரப்பர் படகில் துடுப்புப் போட்டுக் கடந்து, திருமுக்கூடல் போய், பாலாற்றைத் தாண்டிச் சீவரத்து மலையில் கயிறு பிடித்து ஏற வேண்டும். இதையெல்லாம் நம் ஜனங்கள் வாழ்நாள் முழுக்கக் கூலிக்குச் செய்துகொண்டிருக்கிறார்கள். ஒரே நாளில், கையிலிருந்து பணம் கட்டிச் செய்தால் அது விளையாட்டு என்று நிறுவனத்திலிருந்து வந்த இளைஞர் விளக்கினார். பந்தயம் போகும் வழியிலுள்ள ஊர்களை மதிக்கும் விதமாக, ஊருக்கு ஓர் அணியைக் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்வார்களாம்.

வேறு ஊராக இருந்தால் ஓடத் தெரிந்த நாலு பேரைத் தேடியிருப்பார்கள். நாம் அப்படிச் செய்ய முடியுமா? ஆளை எப்படித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே கோயில் சுவரில் வெட்டி வைத்த ஊர் நம்முடையது. எனவே குடவோலை முறைதான் என்று வேதாசலம் அறிவித்தார். கல்வெட்டின் அச்சு நகலை அவர் எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பார், மற்றவர்கள் மூக்குப்பொடி வைத்திருப்பதைப் போல.

வாசித்தார். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். சொந்த மனையில் வீடு. சொந்த நிலம். கடந்த மூன்று ஆண்டுகளில் பொறுப்பு வகித்தவர் கூடாது. இந்தக் கடைசி விதியைக் காலத்துக்கு ஏற்ப, ‘கடந்த மூன்று ஆண்டுகளில் பந்தயம் எதிலும் ஓடியவர் கூடாது’ என்று அவர் மாற்றிப் படித்தார். மாவட்ட அளவில் ஓடிக்கொண்டிருக்கும் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் ஆசையோடு வந்திருந்தார்கள். வயது, நிலம், அனுபவம் ஆகிய மூன்று வகையிலும் அவர்கள் தகுதி இழந்தார்கள். என் வீட்டுப் பின்புறம் முருங்கை மரம் நிற்கிற இடம் நிலமாக ஏற்கப்பட்டது.

பனையோலை கிடைக்கவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிப் பெயர் எழுதினார்கள். குடம் பச்சை நிறப் பிளாஸ்டிக். சீட்டை எடுப்பது ஒன்றும் அறியாத சிறுவனாக இருக்க வேண்டும் என்பது விதி. சிறுவர்கள் எல்லாரும் டியூஷனில் இருந்தார்கள். ஒன்றும் அறியாதவர் என்ற தகுதியின் பேரில் கோயில் தர்மகர்த்தாவே எடுத்தார்.

முதலில் கோதண்டம். அடுத்து வேதாசலம். மூன்றாவது நான். நான்காவது சீட்டைப் பிரித்துத் தர்மகர்த்தா உரக்கப் படித்தார். “ஏகாம்பரம்.”

நீதான் மச்சான். கூழ் ஊற்ற, தேர் இழுக்க, எதற்குப் பெயர் கேட்டாலும் நம் தெருவில் முதலில் உன் பெயரை எழுதுவது வழக்கம். எழுதியவருக்குக் கைப்பழக்கம். கை உன்னை மறக்கவில்லை, அவ்வளவுதான்.

“எந்த ஏகாம்பரம்?” என்றார் கோதண்டம்.

“நம்ம ஏகாம்பரம்தான். வேற யாரு கீறாங்க அந்தப் பேர்ல?” என்றார் தர்மகர்த்தா.

“வாத்தியாரே, அந்த ஆளைத் தூக்கினு போனதே நாமதான!”

“அது வேற, இது சபை” என்றார் வேதாசலம். “ஆயிரம் வருசமா குடத்துல வந்த பேர யாரும் மாத்தினதில்ல.” ஆயிரம் வருடமாக யாரும் குடத்தில் பெயர் எடுத்ததும் இல்லை. இதை யாரும் சொல்லவில்லை.

நீண்ட யோசனைக்குப் பிறகு அவரே ஒரு வழி சொன்னார். உன் வீட்டார் ஒருவர் சபைக்கு வந்து, நீ ஏன் வர முடியாது என்ற காரணத்தை வாய்விட்டுச் சொன்னால் சீட்டைக் கிழித்துவிடலாம். சொல்லாவிட்டால் உனக்குப் பதிலாக வீட்டிலிருந்து ஓர் ஆள் வர வேண்டும். இது கல்வெட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “செதஞ்ச பகுதியில இருக்கும்” என்றார். மற்றபடி, வயது வரம்பைத் தாண்டும் அபாயம் இல்லாத ஒரே உறுப்பினர் நீதான்.

விஷயத்தைச் சொல்ல உன் வீட்டுக்குப் போனேன்.

புஷ்பாவைப் பற்றி உனக்குச் சொல்லாமல் இருந்தேன். வாயுதான், சோடா குடித்தால் சரியாகிவிடும் என்று நீ நெஞ்சைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தாயே, சோடா வருவதற்கு முன்பே போயும்விட்டாயே, அன்றிலிருந்து என் தங்கை தெருக்கதவைத் தாண்டவில்லை. இரண்டு வருடம். மளிகைக்கும் மாவு மில்லுக்கும் ரேஷனுக்கும் அத்தைதான், உன் அம்மாதான் போகிறார். “நாலு பேரு பேசுவாங்க” என்பார். அந்த நாலு பேர் யார் என்று விசாரித்துப் பார்த்தேன். ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் மகனோடு தாம்பரம் போய்விட்டார். மற்ற இருவரும் சாயங்காலமானால் டி.வி. தொடர் பார்க்க உட்கார்ந்துவிடுவதால் பேசுவதையே விட்டுவிட்டார்கள். ஆனாலும் அத்தைக்கு அவர்கள் மேல் இருந்த பயம் குறையவில்லை.

குடத்தில் உன் பெயர் வந்ததைச் சொன்னேன். புஷ்பா அழுவாள் என்று துண்டைக் கையில் தயாராக எடுத்து வைத்திருந்தேன். சிரித்தாள். சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்கே யார் வண்டி வருதுன்னு பாப்பாரு. அவரு மல ஏறப் போறாராமா?”

சிரித்து முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். “ஏரிய எப்பண்ணா தாண்டறாங்க?”

“தை மாசம்.”

“அப்ப நான் போறேன்.”

“உன்ன யாரு கூப்ட்டது?”

“அவர கூப்ட்டாங்க இல்ல? நான் அவரு வூடுதான?” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “இந்தச் சுவத்துல எந்தப் பல்லி எந்த நேரத்துக்கு எங்க கீதுன்னு எனக்குத் தெரியும்ண்ணா. ஒரு நாளு. வெளிய போயி நல்லா வேர்த்து ஊத்திக்கினு வந்துடறேன்.”

நீச்சல் அவளுக்குப் புதிதல்ல. திருமுக்கூடலில் நாங்கள் வளர்ந்தபோது, ஆற்றில் தண்ணீர் வந்தால் அக்கரைக்குப் போய்த் திரும்புகிறவள் அவள். நான் கரையில் துணிகளுக்குக் காவல் இருப்பேன். ஒரு துணிகூடக் காணாமல் போனதில்லை. சைக்கிளும் ஓட்டுவாள். அறிவொளி இயக்கம் வந்த காலத்தில் படிக்கப் போன பெண்களில், சைக்கிளை மட்டும் கற்றுக்கொண்டு திரும்பியவர்களில் ஒருத்தி.

உள்ளேயிருந்து அத்தையின் குரல் வந்தது.

“இன்னாடி பேச்சு அது? அவன் வூட்ல இல்லாத நேரத்துல நீ சைக்கிள் மிதிச்சிக்கினு ஊர் சுத்துவியா? நாளைக்கு நானே வரேன். காரணத்த சொல்லிட்டு, சீட்ட கிழிச்சிப் போட்டுட்டு வரேன்.”

புஷ்பா அரிசி களையப் போய்விட்டாள். எனக்கு விளங்கிவிட்டது. நாளை அத்தை சபையில் ஒரு வாக்கியம் பேசுவார். அதோடு இவள் மறுபடியும் பல்லிகளோடு இருப்பாள்.

‘அவன் வூட்ல இல்லாத நேரத்துல’ என்று அத்தை சொன்னதைக் கவனித்தாயா? இரண்டு வருடமாக உன்னைப் பற்றி அப்படித்தான் பேசுகிறார், நீ உரம் வாங்க மதுராந்தகம் போயிருப்பதைப் போல. அன்றைக்கு அது எனக்கு ஒரு பேச்சு வழக்காகத்தான் பட்டது.

மறுநாள் சபை கூடியது. அத்தை வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடுவில் வந்து நின்றார். புஷ்பா அவரோடு வரவில்லை.

வேதாசலம் எழுந்து, வகுப்பில் கேட்பதைப் போலவே கேட்டார். “ஏகாம்பரம் ஏன் வர முடியாதுன்னு சபைக்குச் சொல்லுங்கம்மா.”

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?”

“தெரிஞ்சதுதாம்மா. ஆனா நீங்க சொல்லணும். அப்பதான் கிழிக்கலாம்.”

“இன்னான்னு சொல்லணும்?”

“அதாம்மா... காரணம்.”

அத்தை வாயைத் திறந்தார். மூடினார். கோதண்டம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். உன்னைத் தோளில் சுமந்தவர்கள் பாதிப் பேர் அங்கே உட்கார்ந்திருந்தோம். ஒருவராவது ‘நான் சொல்கிறேன்’ என்று எழுந்திருக்கலாம். புஷ்பா போகட்டும் என்று நான் எழுந்திருக்கவில்லை. மற்றவர்களுக்கு என்ன காரணமோ?

“சொல்லலன்னா இன்னா ஆவும்?” என்றார் அத்தை.

“பேரு அப்படியே இருக்கும். உங்க வூட்லேர்ந்து ஒரு ஆளு வரணும்.”

“சொன்னா?”

“கிழிச்சிப் போட்டுட்டு வேற பேர எடுப்போம்.”

“எங்க, அந்தச் சீட்ட காட்டு.”

தர்மகர்த்தா நீட்டினார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அந்தத் துண்டுக் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் உன் பெயர். மறு பக்கம் யாரோ ஒரு மாப்பிள்ளையின் படிப்பு. அதைத் திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்.

“கிழிக்காத. இருக்கட்டும். மருமவ வருவா.”

வேதாசலம், “அவங்களுக்கு நிலம்...” என்று ஆரம்பித்தார்.

“யோவ் வாத்தியாரே! நிலம் அவன் பேர்லதான்யா கீது. அவன்தான வரான் உன் கணக்குல?” என்று ஒரு போடு போட்டார் அத்தை. கல்வெட்டில் இதற்குப் பதில் இல்லை. சிதைந்த பகுதியிலும் இல்லை.

வீட்டுக்குப் போனதும் புஷ்பாவிடம் அவர் சொன்னது இவ்வளவுதான். “போறதுதான் போற. கடைசியா வந்து என் புள்ள பேர கெடுத்துடாத.”

இப்போது பயிற்சி நடந்துகொண்டிருக்கிறது. விடிவதற்குள் ஏரிக்கரையில் ஓடுகிறோம். அந்த நேரத்தில் கரையோரம் வேறு வேலையாக உட்கார்ந்திருப்பவர்கள் எங்களைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள். முதல் நாள் வேதாசலம் அதை ஊரின் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கையசைத்தார். இரண்டாம் நாள் அந்த நேரத்தை மாற்றும்படி ஊரிலிருந்து ஒரு தூதுக்குழு வந்தது.

மலையேற்றத்துக்கு மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் இரும்பு ஏணியில் பழகுகிறோம். வேதாசலம் மடமடவென்று உச்சிக்கு ஏறிவிட்டார். இறங்குவது பாடத்திட்டத்தில் இல்லை என்பது அங்கே போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. பயத்தை மறைக்க அங்கிருந்தபடியே சோழர்கால நிர்வாகம் பற்றிப் பேசினார். இறக்குவதற்கு ஆள் வரும்வரை பேசினார். நல்ல கூட்டம்.

படகு இல்லாததால் டிராக்டர் டியூபில் காற்றடித்து ஏரியில் விட்டோம். துடுப்புக்குப் பதில் கோதண்டத்தின் மில்லில் நெல் தள்ளுகிற பலகை. கோதண்டம் உட்கார்ந்ததும் டியூப் ஒரு பெருமூச்சு விட்டது. அடுத்து அவர் துண்டு மட்டும் மிதந்தது. புஷ்பா சேலையை வரிந்து கட்டியபடி குதித்து, அரைஞாண் கயிற்றைப் பிடித்து அவரைக் கரைக்கு இழுத்து வந்து போட்டாள். கோதண்டம் இரும, இரும, “தங்கச்சி, இத வூட்ல சொல்லாத” என்றார். கரையில் துணிகளுக்குக் காவலாக நான் இருந்தேன்.

நேற்று அவள் சைக்கிளில் என்னை முந்திப் போனாள். அண்ணன் என்ற முறையில் காத்திருப்பாள் என்று நினைத்தேன். கூரை வீடுகள் தாண்டி, கரும்புக் கொல்லை தாண்டி, ஒரு புள்ளியாகப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது முகமெல்லாம் வேர்வை. “இன்னாண்ணா, சைக்கிள தள்ளிக்கினு வரியா, இல்ல சைக்கிள் உன்ன தள்ளிக்கினு வருதா?” என்றாள். இந்தக் கிண்டல் உன்னிடம் கற்றதுதானே? இல்லை, நீதான் அவளிடம் கற்றாயா? இருந்தபோது கேட்டு வைத்திருக்கலாம்.

பந்தயத்தன்று வரிசையில் நிற்க வைத்துப் பெயர் படிப்பார்களாம், உன் பெயரையும் சேர்த்து. நாங்கள் ஜெயிக்கமாட்டோம். நூல் நிலைய வேலையில் உட்கார்ந்தே ஐம்பது வயதைக் கடந்தவன் நான், எனக்கு அதில் மயக்கமில்லை. ஆனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். எங்கள் மூன்று பேரில் யார் எந்த வரப்பில் விழுந்தாலும், அவளை நிற்க விடமாட்டேன். எங்களைத் தூக்க அவள் திரும்பி வந்தால், நானே திட்டி முன்னால் துரத்துவேன்.

சென்ற வெள்ளிக்கிழமை புஷ்பா தனியாகக் காஞ்சிபுரம் பஸ் ஏறிப் போய், தன் கால் அளவுக்கு ஒரு ஜோடி கேன்வாஸ் ஷூ வாங்கிக்கொண்டு வந்தாள்.

உன் பெண்டாட்டியின் அண்ணன்,
துரைசாமி