ரெண்டரைப் பிடி வைத்துக்கொண்டு பாஸ் சொன்னவன்

உம் மைத்துனர் அனுப்பிய பார்சலை ஆபீஸ் மேஜையில் வைத்துத்தான் பிரித்தேன். உள்ளே அந்தப் பழைய சீட்டுக்கட்டு. குப்பென்று ஒரு வாடை வந்தது. பூஞ்சையும், சுருட்டுப் புகையும், யாரோ வெண்ணெய் தின்ற கையின் பிசுக்கும் கலந்த வாடை. கிளப்பில் துரைமார் ஆடி அலுத்துத் தூக்கிப்போட்டதை, பட்லரிடம் கெஞ்சி நீர் வாங்கி வந்த கட்டு அது. அன்றைக்கு அதைத் தொட நமக்குள் போட்டி. இன்றைக்கு நான் விரல் நுனியால் தள்ளி வைத்தேன். கூடவே ஒரு தபால் கார்டும் இருந்தது. காய்ச்சல் கண்டு எட்டே நாளில் தவறிவிட்டீராம். கட்டை எனக்கு அனுப்பச் சொல்லிவிட்டுப் போனீராம்.

எனக்கு எதற்கு ஓய்? இந்த மலையில் வேறு ஆளே கிடைக்கவில்லையா உமக்கு?

மூணாறுக்கு மேலே, மழை பிடித்தால் நாலு மாதம் விடாத தேயிலை எஸ்டேட். நீர் ஃபாக்டரி ரைட்டர், நான் ஆபீஸில் இரண்டாவது ரைட்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஸ்பென்சரி வராந்தாவில் கம்பவுண்டரும் பெரிய ரைட்டரும் வந்து சேர்ந்தால் நாலு கை ஆகிவிடும். பிரிட்ஜைக் கொண்டுவந்தவர் நீர்தான். கிளப் போட்டியில், கையெழுத்து அழகாயிருக்கிறது என்று உம்மை மூன்று நாள் புள்ளி எழுத வைத்தார்கள். உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கொடுக்கவில்லை. நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றபடியே, எந்தக் கையை வைத்துக்கொண்டு எந்தத் துரை, 'இத்தனை பிடி ஜெயிப்பேன்' என்று முதல் கேள்வி கேட்கிறார் என்று பார்த்து, அத்தனையையும் மனசில் ஏற்றிக்கொண்டு வந்தீர்.

"ஏஸ் ஒண்ணு. அதே இனத்துல ராஜாவும் இருந்தா ரெண்டு. ராஜாவும் ராணியும் சோடியா வந்தா ஒண்ணு. ராஜாவுக்குத் துணையா சின்னச் சீட்டு ஒண்ணு கிடந்தா அரை. கூட்டிப் பாரும் வே. நிச்சயமான பிடி ரெண்டரை தேறுச்சுன்னா வாயைத் தொறக்கணும். தேறலன்னா பொத்திக்கிடணும். ஆசைக்கும் கேக்கப்படாது, பயத்துக்கும் விடப்படாது."

எவ்வளவு சுத்தமான கணக்கு! அதை நாங்கள் என்ன பாடு படுத்தினோம்!

பெரிய ரைட்டர் இருக்கிற மேஜையில் அவருக்கு முன்னால் யாரும் கேட்கக் கூடாது. யாரும் சொல்லிவைத்த சட்டம் இல்லை, தானாக ஊறி வந்தது. ஆபீஸில் அவர் பேசாமல் நாம் பேசமாட்டோம், அவர் உட்காராமல் உட்காரமாட்டோம். அதே முதுகு வளைவு சீட்டிலும் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் பாஸ் சொல்லிவிட்டாலோ இன்னும் மோசம். அதற்குப் பிறகு கேட்டால் அவரைவிட நம் கை ஒசத்தி என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். கம்பவுண்டர் நாலு ஏஸ் வந்தாலும் இருமிவிட்டுப் பாஸ் சொல்வார். நாலு பேரும் பாஸ் என்றதால் பாதி ஆட்டம் ஆடாமலே கலைத்துப் போடப்பட்டது. ராஜாவும் ராணியும் வெளிச்சம் பாராமல் கட்டுக்குள் திரும்பிப் போவதைப் பார்த்து நீர் தலையில் அடித்துக்கொள்வீர். பெரிய ரைட்டர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, "கலையுங்க, கலையுங்க. இன்னிக்குச் சீட்டு சரியில்லை" என்பார். நாங்களும் "ஆமாங்கய்யா" என்போம். சீ, இப்போது எழுதும்போதே கூசுகிறது.

அப்படி ஒரு ஞாயிறு. நீரும் நானும் ஒரு கட்சி, எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். சீட்டைப் போட்டவன் நான், ஆகவே முதலில் பேச வேண்டியவனும் நான். கையை விரித்தால் இஸ்பேடில் ஏஸும் ராஜாவும், ஆட்டினில் ராஜாவும் துணைக்குச் சின்னதும். ரெண்டரை. கூட்டிப் பார்க்கவே வேண்டாம். என் இடது பக்கம் பெரிய ரைட்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் இன்னும் தம் கையைப் பார்க்கவேயில்லை. நான் பாஸ் சொன்னேன். அவரும் பாஸ். நீர் ஒரு நிமிஷம் யோசித்துப் பாஸ் சொன்னீர். கம்பவுண்டர் இருமினார்.

கலைப்பதற்கு முன் என் கையை எட்டிப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தீர்.

"ரெண்டரை இருக்கு. வாயில கொழுக்கட்டையா வே?"

"இல்ல, அய்யா இன்னும் கையப் பாக்கல..."

"அவரு எதிர்க் கட்சி. நான்லா உம்ம ஆளு. என் கையில ரெண்டு கெடந்துச்சு. நீரு பாஸ்னு சொன்னதும் உம்மகிட்ட ஒண்ணும் இல்லன்னு நம்பித்தான் நானும் விட்டேன். பேசாம இருக்கிறதும் ஒரு பேச்சுதான் வே. எதுத்தாப்புல இருக்கறவன் அதை நம்பித்தான் ஆடுதான்."

நான் அசடு வழிந்தேன். பெரிய ரைட்டர் காதில் விழாத மாதிரி சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த மாதம்தான் இலை அழுகியது. இலை உலர்த்தும் அடுப்புக்கு விறகு தீரப்போகிறது என்று நீர் முன்கூட்டியே எழுதி, ஆபீஸில் பெரிய ரைட்டர் மேஜையில் வைத்துவிட்டுப் போயிருந்தீர். வைத்தபோது அங்கே யாரும் இல்லை. சாயங்காலம் ஒரு கோப்பு எடுக்கப் போனவன் நான் பார்த்தேன். அவருடைய வெற்றிலைப் பெட்டிக்கு அடியில், உம் அழகான கையெழுத்தில், பாதி வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தது. அவர் மறந்துபோனார். விறகு வரவில்லை. அடைமழை. வாட்டப் போட்ட இலை முழுதும் உலராமல் அட்டித் தட்டுகளில் குவிந்து கிடந்து புளித்து நாறியது. ஃபாக்டரிக்குள் நுழைந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

துரை பெரிய ரைட்டரையும் உம்மையும் என்னையும் கூப்பிட்டார். காகிதம் வரவே இல்லை என்று பெரிய ரைட்டர் கூசாமல் சாதித்தார். அதற்குள் அதைக் கிழித்துப் போட்டிருப்பார். "வச்சேன் துரை. இவரு மேஜை அதுக்குப் பக்கத்துலதான் இருக்கு, பாத்திருந்தா சொல்லுவாரு" என்று நீர் என்னைக் காட்டினீர்.

துரை என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியா, இல்லையா?"

பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. உம் வேலையும் வீடும் அந்த ஒரு வார்த்தையில்தான் தொங்கின. எனக்கோ பழக்க தோஷம், கண் தானாகப் பெரிய ரைட்டர் முகத்துக்குப் போயிற்று. அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன். துரை எண்ணிப் பத்து விநாடி காத்திருப்பார். பிறகு உம் பெயரை அடித்துவிட்டார்.

எனக்கு வந்த லாபத்தையும் கேளும். பெரிய ரைட்டர் ஊருக்குப் போன பிறகு அந்த நாற்காலி எனக்கே வந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கையைப் பார்க்கிறவரை மற்ற மூன்று பேரும் வாயைத் திறப்பதில்லை. போன வாரம் ஒருத்தன் மூன்று பிடியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துப் பணிவாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் என் மூஞ்சி அச்சு அசலாகத் தெரிந்தது. எழுந்துபோய் வாயைக் கொப்பளித்தேன்.

நீர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். காறித் துப்பியிருந்தால் துடைத்துக்கொண்டு போயிருப்பேன். நீரோ வேலை போன மறுநாள் காலையில் டாப் ஸ்டேஷனில், கொட்டகுடிக்கு இறங்குகிற பாதைமுனையில், பெட்டியைச் சுமைகாரன் தலையில் ஏற்றிவிட்டு என்னிடம் வந்தீர். உம் வீட்டம்மா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. நீர் என் தோளைத் தொட்டு அவளிடம் சொன்னீர்:

"இவரை ஏன் மொறைக்க? பாத்திருந்தா சொல்லியிருப்பாருலா? பாக்கல, அவ்வளவுதான்." பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே வே?" என்றீர்.

ஆமாம் என்றேன். அன்றைக்கு நான் வாயைத் திறந்தது அதற்கு மட்டும்தான். நீர் அதையும் நம்பிக்கொண்டு மலை இறங்கிப் போனீர்.