அப்பாவின் வயிற்றில் நாலு காஜா

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை, நிஜமாகவே நலம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் எல்லாம் சொல்லலாமென்றால் உன் அப்பா பக்கத்தில் நின்று வார்த்தைக்கு வார்த்தை திருத்துகிறார், அதனால் அவர் கண்ணசரும் நேரம் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

அல்சர் இத்தனை வருஷமாக அவரை எப்படி ஆட்டிப் படைத்தது என்று உனக்குத் தெரியும். புண் ஆறுவதும் மறுபடி வருவதுமாக இருந்து, கடைசியில் தழும்பு விழுந்து இரைப்பையின் வாசலே சுருங்கிவிட்டது, தின்றது கீழே இறங்காமல் வாந்தியாக வந்தது. ஆபரேஷன்தான் வழி என்றதும் மனிதர் முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றார். அந்தக் காலத்தில் உன் பெரியப்பாவுக்கு வயிற்றை நீளமாகக் கிழித்து, அவர் குனியவே மாதக்கணக்கானதைப் பார்த்தவர் இல்லையா, தையல் மெஷினில் உட்கார முடியாவிட்டால் நான் இருந்து என்ன என்றார். இவர் டெய்லர் என்று டாக்டரம்மா காதில் முன்கூட்டியே போட்டு வைத்தேன். அவரும், "பெரிசா கிழிக்க மாட்டோங்க, பட்டன் காஜா அளவுல நாலு துளைதான்" என்றாரோ இல்லையோ, இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதுக்குள்ள ஊசி எப்படிப் போகும், முடிச்சு எப்படி விழும் என்று ஒரே குடைச்சல். கேமராவை உள்ளே விட்டு டிவியில் பார்த்துக்கொண்டே நீளக் கருவியால் தைப்போம் என்று அந்தம்மா சளைக்காமல் விளக்கினார். அப்புறம்தான் இவர் சம்மதித்தார்.

ஆபரேஷன் அன்று காலை இவர் பண்ணிய கூத்தைக் கேள். பையில் ஒளித்து வைத்திருந்த டெய்லர் சாக்பீஸை எடுத்து, வலிக்கிற இடத்தில் வட்டம் போட்டு, தையலுக்கு இடம் விட்டு இன்னொரு கோடும் போட்டுக்கொண்டார். நர்ஸ் துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மறுபடியும் போட்டாயிற்று. "துணி போனா வேற வாங்கலாம், வயித்துக்கு எங்க போறது சிஸ்டர்?" என்று கேள்வி வேறு. வார்டே சிரித்தது. ஆனால் உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் கையை இறுக்கிப் பிடித்தார் பார், அப்போதுதான் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று தெரிந்தது. கதவு மூடிய பிறகும் என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் பொடியைத் துடைக்க மனம் வரவில்லை.

சுருங்கின வாசலை விட்டுவிட்டு இரைப்பையையும் குடலையும் வேறு இடத்தில் இணைத்துத் தைத்திருக்கிறார்கள். சதையைக் கிள்ளிச் சோதித்ததில் கெட்டது ஒன்றுமில்லை. மறுநாளே நடந்தார். இப்போது பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறார், மூணு சுத்தம், ஒண்ணு மட்டும் லேசா கோணல் என்று விமர்சனம் வேறு. நீயும் வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, தலைவலிக்கெல்லாம் மாத்திரையை முழுங்காதே, உனக்கும் அவர் வயிறுதான்.

ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷமாக எதைப் போட்டாலும் இரண்டு வாய் தின்றுவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று எழுந்துபோவார், அதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்று மத்தியானம் தட்டைத் தள்ளி, "என்ன சமையல் இது, உப்பே இல்ல!" என்றார். சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டினார். உப்பு எடுக்கப் போகிற சாக்கில் அடுப்படியில் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நன்றாயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் கூப்பிடு, தையலைப் பற்றி அவரிடம் நீயாகவே கேள்.

குறை கேட்டுக் குளிர்ந்துபோன,
உன் அம்மா